பழைய பெட்ஷீட்டில் உடுப்பு தைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்ஷீட், தலையணை உறை, திரைச்சீலை, மேசை விரிப்பு, குளியல் துண்டு என்று வீட்டில் பழசாகிக் கிடக்கும் துணிகளை வெட்டி, வீட்டில் போட்டுக்கொள்ளும் எளிய உடுப்புகள் தைப்பது பற்றி என்னிடம் பலர் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். மெஷினில் நேராக ஒரு கோடு அடிக்கத் தெரிந்தால் போதும். மெஷினே இல்லாதவர்களுக்கும் கீழே ஒரு பதில் உண்டு.

பழைய துணியில் தைத்தால் சீக்கிரம் கிழிந்துவிடாதா?

எந்த இடத்திலிருந்து வெட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு பெட்ஷீட் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பழசாவதில்லை. தோளும் இடுப்பும் படுகிற நடுப்பகுதி முதலில் நைந்து போகும். பாதம் உரசும் கால்மாடும் கொஞ்சம் நையும். மெத்தைக்கு அடியில் செருகப்படும் இரண்டு ஓரங்களும், தலையணைக்குக் கீழே கிடக்கும் தலைமாடும் கிட்டத்தட்டப் புதுத்துணி மாதிரியே இருக்கும்.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு பைஜாமாவில். நீலக்கோடு போட்ட விரிப்பு ஒன்று, தொட்டால் அவ்வளவு மெத்தென்று இருந்தது. அந்த மென்மைக்காகவே நடுப்பகுதியைத் தேர்ந்தெடுத்து வெட்டினேன். இரண்டு மாலை உட்கார்ந்து தைத்தேன். மூன்றாவது முறை போட்டுக்கொண்டு தரையில் கிடந்த சாவியை எடுக்கக் குனிந்தபோது பின்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்தது. தையல் அப்படியே இருந்தது. தையலுக்குப் பக்கத்தில் துணிதான் விட்டுப்போயிருந்தது. அந்த மென்மை, துணி தேய்ந்து மெலிந்ததால் வந்த மென்மை. அதே விரிப்பின் ஓரத்திலிருந்து வெட்டிய இன்னொரு பைஜாமா பல வருடம் உழைத்தது.

அப்படியானால் துணி தாங்குமா என்று எப்படிப் பார்ப்பது?

இரண்டு சோதனை செய்கிறேன். இரண்டையும் கத்தரிக்கோலைக் கையில் எடுப்பதற்கு முன்னால் செய்துவிட வேண்டும்.

முதலில், வெளிச்சம் வருகிற ஜன்னலுக்கு முன் விரிப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடியுங்கள். நல்ல இடத்தில் வெளிச்சம் சீராகத் தெரியும். நைந்த இடம் மேகத்துக்கு நடுவே வெயில் அடிக்கிற மாதிரி திட்டுத் திட்டாகப் பளிச்சென்று தெரியும். அந்தத் திட்டுகளைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் கட்டைவிரல் சோதனை. துணியை இரண்டு கையிலும் பிடித்து, இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெளிப்பக்கமாக அழுத்தி இழுங்கள். நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை. நல்ல துணி விம்மித் திரும்பி வரும். காகிதம் கிழிகிற மாதிரி மெல்லிய 'டிக் டிக்' சத்தம் கேட்டால் இழைகள் அறுகின்றன என்று பொருள். அந்த இடத்தை உடுப்புக்கு எடுக்காதீர்கள். இழை அறாமல் விலகி மட்டும் நின்றால், தொளதொளவென்ற உடுப்புக்கு ஆகும், உடம்பைப் பிடிக்கிற எதற்கும் ஆகாது.

இது பருத்தியா, பாலியஸ்டர் கலந்ததா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமா?

வேண்டும். வியர்வையை உறிஞ்சுமா, சாயம் பிடிக்குமா, இஸ்திரிச் சூடு தாங்குமா எல்லாமே அதைப் பொறுத்தது. லேபிள் போய்விட்டிருந்தால் ஓரத்திலிருந்து நாலைந்து இழைகளை உருவி, உலோக இடுக்கியால் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் இருக்கட்டும். பருத்தியானால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகிவிடும். பாலியஸ்டரானால் உருகிச் சுருங்கி, ஆறிய பின் கடினமான மணியாக நிற்கும். இரண்டும் கலந்திருந்தால் எரியவும் செய்யும், மணியும் மிஞ்சும். ஆறுவதற்கு முன் தொட்டுவிடாதீர்கள், உருகிய பாலியஸ்டர் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

அதே காரணத்துக்காக, அடுப்படியில் கட்டும் ஏப்ரனைப் பாலியஸ்டர் கலந்த விரிப்பில் தைக்க வேண்டாம் என்பேன். அதற்குக் கெட்டியான பருத்தி மேசை விரிப்பைவிடப் பொருத்தமான துணி வேறில்லை.

ஒரு பெட்ஷீட்டில் எவ்வளவு துணி தேறும்?

நிறைய. 60க்கு 90 இன்ச் உள்ள ஒற்றைக்கட்டில் விரிப்பு, 44 இன்ச் அகலத் துணியாகக் கணக்குப் பார்த்தால் 3 மீட்டருக்குச் சமம். 90க்கு 100 இன்ச் உள்ள இரட்டைக்கட்டில் விரிப்பு 5 மீட்டரைத் தாண்டும். நைந்த நடுப்பகுதியைக் கழித்தாலும் ஒருவருக்கு ஒரு பாவாடையும் ஒரு மேல்சட்டையும் வரும்.

விரிப்பின் அகலமும் ஒரு வசதிதான். ஒட்டுப்போடாமல் ஒரே துண்டாக வெட்ட முடிகிறது.

வெட்டுவதற்கு முன் துவைக்க வேண்டுமா? கறை, மஞ்சள் நிறம் போகுமா?

பலமுறை துவைத்த பருத்தி சுருங்க வேண்டிய அளவு ஏற்கெனவே சுருங்கியிருக்கும். பழைய துணியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. தைத்த பிறகு அளவு மாறாது. ஆனாலும் ஒருமுறை துவைத்து, இஸ்திரி போட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும். சுருக்கத்தோடு அளந்தால் எந்த அளவும் சரியாக வராது.

உடம்பு எண்ணெயாலும் வியர்வையாலும் ஏறிய மஞ்சள் நிறத்துக்கு, சோடியம் பெர்கார்பனேட் உள்ள ஆக்சிஜன் பிளீச்சை வெந்நீரில் கரைத்து, சில மணி நேரம் ஊறவைத்துத் துவைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது. குளோரின் பிளீச் பக்கம் போகாதீர்கள். ஏற்கெனவே வயதான பருத்தி இழையை அது இன்னும் பலவீனமாக்கும். போகாத கறையைச் சுற்றியும் சாக்பீஸ் வட்டம் போட்டு, அந்த இடத்தை விட்டுவிட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒரு பாக்கெட் வைத்துத் தைத்துவிடுங்கள்.

நூலோட்டம் பார்த்து வெட்டு என்கிறார்களே, அது என்ன?

நெசவில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பாவு இழை அதிகம் இழுபடாது, ஊடை கொஞ்சம் இழுபடும். மூலைக்கு மூலை சாய்வாக இழுத்தால் துணி நன்றாகவே நீளும். உடுப்பின் உயரம் பாவு வழியே வரும்படி வெட்டினால் அது நேராகத் தொங்கும். சாய்ந்து வெட்டினால் இரண்டு துவையலில் ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும்.

பெட்ஷீட்டில் நீளமான இரண்டு ஓரமும் பெரும்பாலும் நெசவுக்கரையாகவே, அதாவது நெய்யும்போதே நூல் பிரியாதபடி முடிந்த ஓரமாகவே இருக்கும், பாவு அதற்கு இணையாக ஓடும். கரை இல்லையென்றால் ஓரத்தில் சின்னதாக வெட்டு வைத்து, ஒரு இழையைப் பிடித்து மெதுவாக உருவுங்கள். துணியில் மெல்லிய கோடு விழும். அந்தக் கோட்டிலேயே வெட்டினால் ஸ்கேல் வைத்து வெட்டியதைவிட நேராக இருக்கும். பழைய விரிப்புகள் இழுபட்டுக் கோணியிருக்கும் என்பதால், மடித்து ஓரத்துக்கு ஓரம் பொருத்தி வெட்டுவதை மட்டும் நம்ப முடியாது.

முதல் முதலாக எதைத் தைக்கலாம்?

எலாஸ்டிக் வைத்த பாவாடை. யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் பெட்ஷீட்டே பாதி வேலையை முடித்துத் தந்திருக்கிறது.

இடுப்புக்குக் கீழே அகலமான இடத்தில், அதாவது பின்பக்கச் சதையைச் சுற்றி அளந்து, ஒன்றரையால் பெருக்குங்கள். 40 இன்ச் என்றால் 60 வரும். ஒற்றைக்கட்டில் விரிப்பின் அகலமும் 60தான், ஆகவே அகலத்தில் எதுவுமே வெட்ட வேண்டாம். இப்போது விரிப்பின் தலைமாட்டைப் பாருங்கள். அங்கே இரண்டு மூன்று இன்ச் அகலத்துக்குப் பட்டி மடித்துத் தைத்திருப்பார்கள். அதுவே உங்கள் பாவாடையின் கீழ் ஓரம். கீழே மடித்து அடிக்கும் வேலை மிச்சம்.

பட்டியிலிருந்து மேல்நோக்கி உங்களுக்கு வேண்டிய உயரத்தை அளந்து, எலாஸ்டிக் குழாய்க்கு ஒன்றேமுக்கால் இன்ச் சேர்த்துக் குறுக்கே வெட்டுங்கள். உயரம் 34 என்றால் 35 முக்காலில் வெட்ட வேண்டும். இரண்டு கரைகளையும் உள்பக்கம் வெளியே வரும்படி சேர்த்து அரை இன்ச் விட்டு மேலிருந்து கீழ்வரை ஒரு தையல். அது கரை என்பதால் நூல் பிரியாது. கரை இறுக்கி இழுத்துத் தையல் சுருங்கினால், சில இன்ச்சுக்கு ஒன்றாகக் கரையில் மட்டும் சின்னச் சின்ன வெட்டு வையுங்கள்.

மேல் ஓரத்தை முதலில் கால் இன்ச் மடித்து இஸ்திரி போடுங்கள். பிறகு ஒன்றரை இன்ச் மடித்து, மடிப்பின் கீழ் ஓரத்தை ஒட்டிச் சுற்றி அடியுங்கள், இரண்டு இன்ச் வாய் விட்டுவிட்டு. ஒரு இன்ச் எலாஸ்டிக்கை இடுப்பளவைவிட இரண்டு இன்ச் குறைத்து வெட்டி, நுனியில் ஊக்கு மாட்டி உள்ளே ஓட்டுங்கள். இன்னொரு நுனி உள்ளே போய்விடாமல் அதைத் துணியோடு குண்டூசியால் குத்தி வையுங்கள். இரண்டு நுனியையும் ஒன்றின் மேல் ஒன்று ஒரு இன்ச் ஏற்றி வைத்துச் சதுரமாக அடித்து, வாயை மூடிவிடுங்கள். எலாஸ்டிக் உள்ளே திருகிக்கொள்ளாமல் இருக்க, பக்கத் தையல் இருக்கும் இடத்தில் எலாஸ்டிக்கோடு சேர்த்து மேலிருந்து கீழே ஒரு சின்னத் தையல் போடலாம்.

பேட்டர்ன் (வைத்து வெட்டும் காகித வடிவம்) இல்லாமல் மேல்சட்டை தைக்க முடியுமா?

முடியும். செவ்வகங்களை மட்டும் வைத்துச் சட்டை தைப்பது உலகின் பல இடங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் முறை. ஜப்பானிய உடையான கிமோனோவும் அப்படித்தான். துணி வீணாகாது.

மார்புச் சுற்றளவோடு 8 இன்ச் சேர்த்துப் பாதியாக்குங்கள். 36 என்றால் 44, பாதி 22. தையலுக்கு ஒரு இன்ச் சேர்த்து 23 அகலம். நீளத்தைத் தோளில் மடித்து இரட்டையாக எடுப்பதால் தோளில் தையலே வராது. தோளிலிருந்து 28 இன்ச் வேண்டுமென்றால், கீழ் மடிப்புக்கு இரண்டு பக்கமும் ஒரு இன்ச் சேர்த்து 58 இன்ச் வெட்டுங்கள். கைக்கு 19 இன்ச் அகலம், 9 இன்ச் நீளத்தில் இரண்டு துண்டு.

கழுத்துதான் எல்லோரும் தவறவிடும் இடம். 8 இன்ச் அகலம், முன்னால் 4 இன்ச் இறக்கம், பின்னால் 1 இன்ச் என்று வெட்டினால் பார்ப்பதற்குப் பெரிதாகத் தெரியும். டேப்பைச் சுற்றி வைத்து அளந்து பாருங்கள், 21 இன்ச்தான் இருக்கும். பெரியவர்களின் தலைச்சுற்று பெரும்பாலும் அதைவிடக் கூட. சட்டை தலையில் மாட்டிக்கொண்டு நிற்கும். அதனால் முன்கழுத்தின் நடுவில் 4 இன்ச் நேராக ஒரு திறப்பு விட்டு, உள்ளே பட்டி வைத்துத் தையுங்கள். கழுத்தை முதலில் சின்னதாக வெட்டி, தலை நுழைத்துப் பார்த்துப் பார்த்துப் பெரிதாக்குங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

கைத்துண்டின் நடுவைத் தோள் மடிப்பில் பொருத்தி, துணி தட்டையாக இருக்கும்போதே கையை இணைத்துவிடுங்கள். அப்புறம் கை நுனியில் தொடங்கி, அக்குளில் திரும்பி, இடுப்பு வரை ஒரே ஓட்டமாகப் பக்கத்தையல். அக்குள் மூலையில் இரட்டைத் தையல் போட்டு, தையல் வரை வெட்டு வையுங்கள். குறுகலான கைதான் வேண்டும் என்றால் அக்குளில் 4 இன்ச் சதுரத் துண்டு ஒன்றைச் சாய்த்து வைத்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போது அந்த இடம்தான் முதலில் கிழியும்.

பைஜாமாவுக்கு அளவு எடுப்பது எப்படி?

உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற பழைய பைஜாமாவிடமிருந்து. அதை ஒரு காலுக்குள் இன்னொரு காலாக மடித்து, செய்தித்தாளில் வைத்து முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியாக வரையுங்கள். பின்பக்க வளைவு முன்பக்கத்தைவிட ஆழமாக இருக்கும், பின்னிடுப்பும் ஒரு இன்ச்சுக்கு மேல் உயரமாக இருக்கும். இதைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே மாதிரி வெட்டினால் உட்காரும்போது பின்னால் இறங்கும். இரண்டு காகிதத்தையும் பக்கவாட்டில் ஒட்டி ஒரே துண்டாக்கிவிட்டால் ஒரு காலுக்கு ஒரு துணி போதும். சுற்றி முக்கால் இன்ச், மேலே எலாஸ்டிக்குக்கும் கீழே மடிப்புக்கும் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு காலையும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக வெட்ட வேண்டும். துணியை இரண்டாக மடித்து வெட்டினால் அது தானாக அமைந்துவிடும்.

ஒவ்வொரு காலையும் உள்தொடைப் பக்கம் தைத்து முடித்து, ஒன்றை நல்ல பக்கம் திருப்பி இன்னொன்றுக்குள் நுழைத்து, வளைவை முன்னிருந்து பின்வரை ஒரே தையலாக அடியுங்கள். அதன் மேலேயே இன்னொரு தடவை. நீலக்கோடு பைஜாமாவுக்குப் பிறகு இந்த வளைவை மட்டும் விரிப்பின் மிகக் கெட்டியான இடத்தில்தான் வைக்கிறேன்.

தலையணை உறையில் குழந்தைக்குக் கவுன் தைக்கலாமா?

தைக்கலாம், இரண்டு மணி நேர வேலை. உறையின் மூடிய பக்கத்தை வெட்டித் திறந்தால் அது கழுத்து, திறந்த பக்கத்தில் ஏற்கெனவே மடித்துத் தைத்திருப்பது கவுனின் கீழ் ஓரம். மேல் மூலை இரண்டிலும் 2 இன்ச் அகலம், 4 இன்ச் ஆழத்துக்கு வளைவாக வெட்டினால் கைக்குழி. 18 இன்ச் அகல உறை சுற்றளவில் 36 வரும், சுமார் 2 முதல் 4 வயதுக் குழந்தைக்குத் தாராளமாகப் போதும்.

கழுத்தில் நாடா ஓட்டி முடிச்சுப் போடுவதாகப் பல இடங்களில் காட்டுவார்கள். தயவுசெய்து சின்னக் குழந்தைக்கு அப்படிச் செய்யாதீர்கள். நாடா எதிலாவது மாட்டி இழுத்தால் கழுத்தை நெரித்துவிடும். ஐரோப்பாவின் குழந்தை உடுப்புத் தர விதியில் 7 வயதுக்குக் குறைந்தவர்களின் கழுத்து, தலைமறைப்புப் பகுதியில் கயிறே கூடாது என்று இருக்கிறது. முன்னும் பின்னும் குழாய் மடித்து எலாஸ்டிக் ஓட்டுங்கள், தோளுக்குத் துணிப்பட்டை வைத்து இரண்டு முனையிலும் அழுத்தமாகத் தைத்துவிடுங்கள். தூங்கும்போது போடுவதற்கென்றால் தொளதொளவென்று விடாமல் உடம்போடு ஒட்டியதாகத் தையுங்கள். தொங்கும் மெல்லிய பருத்தி தீப்பட்டால் மளமளவென்று பிடித்துவிடும்.

திரைச்சீலையில் தைக்கலாமா?

வெயில் எவ்வளவு பட்டிருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். வெயில் சாயத்தை மட்டும் அல்ல, இழையையும் தின்னும். ஜன்னல் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த மடிப்புகளில் நெட்டாக வெளுத்த கோடுகள் தெரியும், கட்டைவிரல் சோதனையில் அந்தக் கோடுகள்தான் முதலில் விடும். இடையில் இருக்கும் பட்டைகள் நன்றாகவே இருக்கும். வெளிச்சத்தை முழுவதும் மறைக்கும் வகைத் திரையின் பின்பக்கம் ரப்பர் போலப் பூச்சு பூசியிருக்கும். காற்று போகாது, துவைத்தால் உரியும். உடுப்புக்கு வேண்டாம், பை தைக்க எடுத்துவையுங்கள்.

குளியல் துண்டு?

குளியலுக்குப் பிறகு போட்டுக்கொள்ளும் அங்கி, குழந்தையின் மார்புத்துணி இவற்றுக்கு நல்லது. வெட்டிய உடனே ஓரத்தில் ஜிக்ஜாக் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீடு முழுக்கப் பஞ்சு பறக்கும். மடித்துத் தைத்தால் தடித்துப் போகும். பெட்ஷீட் துண்டில் பட்டை வெட்டி ஓரத்தில் பைப்பிங் மாதிரி சுற்றித் தைப்பது பார்க்கவும் அழகு.

வெள்ளை விரிப்பு, உள்ளே எல்லாம் தெரிகிறது. என்ன செய்ய?

துணிக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் ஒற்றைத் துணியில் பாவாடையோ பைஜாமாவோ வேண்டாம். விரிப்பில்தான் துணி தாராளமாக இருக்கிறதே, இரட்டையாகப் போடுங்கள்.

சாயம் ஏற்றுவதும் ஒரு வழி. பருத்திக்கு ரியாக்டிவ் சாயமும் சலவைச் சோடாவும் சேர்ந்தால் நிறம் நன்றாகப் பிடித்து நிற்கும். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கடையில் கிடைக்கும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர், அது இந்தச் சாயத்தை வாங்காது. தைத்த பிறகு சாயம் போட்டால் துணி நீலமாகும், தையல் மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரியும். துணிக்கு முதலில் சாயம் போட்டுவிட்டு, அதே நிற நூலில் தையுங்கள். எந்தச் சாயமும் பழைய கறையை மறைக்காது, அந்த இடம் வேறு அழுத்தத்தில் தெரியும்.

எந்த ஊசி, எந்த நூல்?

சாதாரணப் பெட்ஷீட்டுக்கு 14ஆம் எண் ஊசி, மெல்லியதற்கு 11, கெட்டித் திரைச்சீலைக்கு 16. தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர். பழைய துணியில் நெருக்கமான தையல் கூடாது. தபால்தலை ஓரத்தில் வரிசையாகத் துளை போட்ட மாதிரி ஆகி, அந்தக் கோட்டிலேயே கிழியும். சந்தேகமாக இருந்தால் 3 மில்லிமீட்டர் வையுங்கள். நெசவு மிக நெருக்கமான வழவழப்பான விரிப்புகளில் மெஷின் தையல் விட்டு விட்டு விழுவதாகப் பலர் சொல்வார்கள். மெஷினைக் குறை சொல்வதற்கு முன் புது ஊசி மாற்றிப் பாருங்கள். அடிப்பக்கம் நூல் சுருள் சுருளாகத் தொங்கினால், அழுத்துக்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல்நூலை முதலிலிருந்து மறுபடி கோத்துவிடுங்கள், பாதிக்கு மேற்பட்ட தடவை அதிலேயே சரியாகிவிடும்.

ஓவர்லாக் மெஷின் இல்லை. உள்பக்கம் நூல் பிரியாமல் இருக்க?

மறைதையல் போடுங்கள். நல்ல பக்கம் வெளியே தெரியும்படி இரண்டு துணியையும் சேர்த்துக் கால் இன்ச்சில் ஒரு தையல். ஓரத்தைப் பாதியாகக் கத்தரித்து, துணியைத் திருப்பி, மடிப்பை விரலால் நன்றாகத் தேய்த்து, உள்பக்கம் வெளியே வரும்படி வைத்து சுமார் ஒரு சென்டிமீட்டரில் இன்னொரு தையல். பிசிறு முழுவதும் உள்ளே அடைபட்டுவிடும். இதற்கு மொத்தம் ஒன்றரை சென்டிமீட்டர் சேர்த்து வெட்டியிருக்க வேண்டும். மெல்லிய விரிப்புக்கு இதைவிட நல்ல தையல் கிடையாது.

மெஷினே இல்லை. கையால் தைத்தால் நிற்குமா?

நிற்கும், இழுவை விழும் இடத்தில் பின்தையல் போட்டால். ஒரு தையல் முன்னே, அரைத் தையல் பின்னே என்று போகும் அந்தத் தையல் மெஷின் தையலுக்குச் சளைத்ததல்ல. பாவாடையின் பக்கத்தையலுக்கு ஓட்டுத்தையல் போதும், ஐந்தாறு தையலுக்கு ஒருமுறை ஒரு பின்தையல் போட்டுக்கொள்ளுங்கள். நூலை 18 இன்ச்சுக்கு மேல் வெட்டாதீர்கள். நீளமாகக் கோத்தால் சிக்கும். நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துவிட்டால் முறுக்கிக்கொள்ளாது.

போட்டால் பெட்ஷீட்டைச் சுற்றிக்கொண்டு வந்த மாதிரி தெரியுமே?

பெரிய பூப்போட்ட விரிப்பு அப்படித் தெரியலாம். அதைப் பாவாடைக்கு வைத்துவிட்டு மேல்சட்டைக்கு ஒற்றை நிறமோ மெல்லிய கோடோ எடுங்கள். தோளில் மடித்து வெட்டும் சட்டையில், முன்னால் நிமிர்ந்திருக்கும் பூ பின்னால் தலைகீழாகிவிடும் என்பதையும் வெட்டுவதற்கு முன் பாருங்கள். அப்படிப்பட்ட துணியில் தோளில் வெட்டி, திருப்பி இணைக்க வேண்டியதுதான். மற்றபடி, இஸ்திரிதான் வித்தியாசம் காட்டும். ஒவ்வொரு தையலையும் அடித்த உடனே இஸ்திரி போட்டு அமர்த்தினால், அதே விரிப்பு கடையில் வாங்கிய உடுப்பு மாதிரி நிற்கும்.

நடு மட்டும் நைந்த விரிப்பை வெட்ட மனமில்லை. விரிப்பாகவே காப்பாற்ற முடியுமா?

முடியும். நட்ட நடுவில் நெடுக வெட்டி, நல்ல ஓரங்கள் இரண்டையும் நடுவில் கொண்டுவந்து கரைக்குக் கரை இணையுங்கள். நைந்த பகுதி இப்போது வெளி ஓரமாகிவிடும், அங்கே மடித்து அடியுங்கள். பிரிட்டனில் 1941 ஜூனிலிருந்து 1949 வரை துணிக்குப் பங்கீடு இருந்த காலத்தில் வீட்டுக்கு வீடு இப்படித்தான் விரிப்புகளின் ஆயுளை நீட்டினார்கள். நடுவில் ஒரு தையல் ஓடுவது மட்டும் படுக்கும்போது லேசாகத் தெரியும். கரைகளை ஒன்றின் மேல் ஒன்று கால் இன்ச் ஏற்றி ஜிக்ஜாக் அடித்தால் அதுவும் தெரியாது.

மிஞ்சின துண்டுகளை என்ன செய்வது?

நீளமான துண்டுகளை மூலைக்கு மூலை சாய்வாக ஒன்றரை இன்ச் பட்டைகளாக வெட்டி, ஒட்டுப்போட்டுச் சுருட்டி வையுங்கள். கழுத்துக்கும் கைக்குழிக்கும் ஓரம் அடிக்க இந்தப் பட்டை மாதிரி ஒன்று கடையிலும் கிடைக்கும், ஆனால் உங்கள் உடுப்பின் துணியிலேயே, அதே மென்மையில் கிடைக்காது. சாய்வாக வெட்டியது வளைவில் சுருங்காமல் படியும்.

உள்ளங்கை அளவுக்கு மேல் உள்ள நல்ல துண்டு ஒவ்வொன்றையும், அது எந்த உடுப்பின் துணியோ அதன் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் குத்தி வையுங்கள். முழங்காலிலோ பாக்கெட் ஓரத்திலோ பின்னால் ஒட்டுப்போட வேண்டி வரும்போது, அதே வயதுள்ள, அதே அளவு வெளுத்த துணி கையில் இருக்கும். ஒட்டின் ஓரம் கிழிசலைவிட ஒரு இன்ச் தள்ளி, கெட்டியான துணியில் போய் முடிய வேண்டும்.